முன்னூற்றுப் பதினொரு கோப்புகள்

நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஷெர்லின் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினாள். அவளுக்கு இருபத்தேழு வயது. அவளுடைய மாணவர் தாணுலிங்கத்துக்கு அறுபத்திரண்டு. முப்பது வருஷம் வீடு வீடாகப் போய்க் கரண்டு மீட்டரில் எண்ணைப் பார்த்துக் குறித்தவர். யார் காபி குடிக்கக் கூப்பிட்டாலும் வாசலைத் தாண்டி உள்ளே போக மாட்டார். அப்படி ஒரு வீம்பு.

அவர் மனைவி பகவதி கடைசிப் பத்து மாசம் கம்ப்யூட்டரில் டைரி எழுதினாள். நாளுக்கு ஒரு கோப்பு. மொத்தம் முன்னூற்றுப் பதினொன்று. அவள் போய் இரண்டு வருஷமாகியும் அவர் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

திறக்கத் தைரியமில்லாமல்தான் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்தார். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால் போதும். ஒவ்வொரு கோப்பிலும் எத்தனை வரி, எத்தனை சொல், வரிக்குச் சராசரி எத்தனை சொல் என்று அது சொல்லிவிடும். எதையும் படிக்க வேண்டாம். மனுஷன் துக்கத்துக்கும் மீட்டர் மாட்டிவிட்டார்.

நிரல் பாதி வழியில் நின்றுவிட்டது.

"டீச்சர், மே பதினாலுல வந்து முட்டிக்கிட்டு நிக்கு."

ஷெர்லின் பார்த்தாள். "இந்தக் கோப்புல ஒரு வரிகூட இல்ல சார். சராசரி எடுக்க எதால வகுக்கும்?"

"காலிதானே. அதை விட்டுட்டுப் போன்னு ஒரு வரி சேத்துரட்டா?"

"சேக்கலாம். அன்னைக்கு ஏன் அவங்க ஒண்ணும் எழுதல்ல?"

தாணுலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கா? மிக்சி வாங்க மார்த்தாண்டம் கெளம்பினோம். பேச்சு சுவாரசியத்துல பஸ் மாறி ஏறியாச்சு. குளச்சல்ல கொண்டு எறக்கிட்டான். 'வந்தது வந்தாச்சு, கடலைப் பாத்துட்டுப் போவோம்'னா. செருப்பைக் கையில புடிச்சிக்கிட்டு, சேலையெல்லாம் நனைஞ்சி, ஒரே சிரிப்பு. நொங்கு வாங்கிக் குடுத்தேன். என் பங்கையும் அவளே தின்னுட்டா."

சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது. அடுத்த வகுப்புக்கு வந்தவர்கள் கதவருகிலேயே நின்று கேட்டார்கள். மிக்சியைக் கடைசிவரை வாங்கவே இல்லை என்று அவர் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள்.

"வீட்டுக்கு வந்து கோப்புக்குத் தேதியைப் பேரா வச்சுத் தொறந்தா. அப்படியே நாற்காலியில உறங்கிட்டா. 'எழுதலியா'ன்னு எழுப்பினேன். 'கூடத்தானே இருந்தீங்க, ஒங்களுக்குத் தெரியாததா'ன்னா."



ஷெர்லின் ஒரு வரி சேர்த்தாள். வரி இல்லாவிட்டால் வகுக்காதே, பூஜ்யம் என்று சொல். நிரலை ஓட்டினாள். முன்னூற்றுப் பதினொன்றும் வந்தன. மே பதினாலுக்கு நேரே மூன்று பூஜ்யம் இருந்தது.

"அதை விடல்லியா டீச்சர்?"

"அந்த நாளையா விடச் சொல்றீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவசரமாகக் கேட்டார்.

"சரி, அடுத்து எந்தச் சொல்லு எத்தனை தடவை வருதுன்னு எண்ணிருவோமா?"

"மீட்டர் பாத்தாச்சு சார்," என்றாள் ஷெர்லின். "இனி வீட்டுக்குள்ள போங்க."