உமி கனத்துச் சீவல்

கடல் இப்போது இருக்கிற இடத்துக்கு ஒரு காதம் தள்ளிக் கிடந்த காலம் அது. செம்மணல் மேடாகிய தேரியை ஒரு சிற்றரசன் ஆண்டுவந்தான். அவனுக்கு யானை இல்லை, கோட்டை இல்லை. நாற்பது பனை நிற்கிற தோப்பு ஒன்று இருந்தது. அதில் ஒரு மரத்திலும் அவனுக்கு ஏறத் தெரியாது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, அரசர்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

அவனுக்கு வாரிசும் இல்லை. தோப்பை வாடவிடாத ஒருவன் கையில் அதை ஒப்படைக்க நினைத்தான். அங்கே பனையேறிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூவரையும் அழைத்தான்.

முதலாமவன் சங்கிலி. ஊரிலேயே பலசாலி. இரண்டாமவன் தாணு. நல்ல கெட்டிக்காரன், நாள் பார்க்காமல் எதையும் தொடமாட்டான். மூன்றாமவன் மாசானம். அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிழைப்புத் தேடி ஏழு ஊர் மாறி, ஏழு குடிசை போட்டவன். எட்டாவது குடிசைக்கு ஓலை முடையமாட்டேன் என்று அவன் மனைவி வடிவு கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அரசன் ஆளுக்கு ஒரு மரம் காட்டினான். மரத்துக்கு ஒரு பாளை, ஒவ்வொன்றும் முழ நீளம். அன்று சித்திரை முதல் நாள். தான் ஆடி முதல் நாள் திரும்பி வரும்போது எவன் பாளை சொட்டுகிறதோ அவனுக்கே தோப்பு என்றான். மற்ற இருவரும் வேறு ஊர் பார்த்துக்கொள்ள வேண்டும். அவரவர் மரத்தில் அவரவர்தான் ஏற வேண்டும்.

பாளை என்பது பனையின் பூங்குலை. அதன் நுனியைச் சீவிக் கலயம் கட்டினால் பதநீர் சொட்டும். காலையும் மாலையும் புதிதாகச் சீவ வேண்டும். சீவாமல் விட்டால் வெட்டு வாய் காய்ந்து மூடிக்கொள்ளும். கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். இது மூவருக்கும் தெரியும். தெரிந்திருப்பதில் யாருக்கும் குறைவில்லை.

சங்கிலி முதல் நாளே விரல் கனத்துக்குச் சீவினான். கலயம் பொங்கி வழிந்தது. ஊர் கூடிக் குடித்துவிட்டு, ஏறினால் இப்படி ஏற வேண்டும் என்று புகழ்ந்தது. மறுநாளும் அந்தப் புகழ் வேண்டியிருந்தது. அதனால் மறுநாளும் விரல் கனம். முழப் பாளைக்கு எத்தனை விரல் என்று அவன் எண்ணிப் பார்க்கவில்லை. சித்திரை முடிவதற்குள் பாளை முடிந்துவிட்டது.

தாணு ஒழுங்காகத்தான் தொடங்கினான். ஒரு நாள் மேகம் போட்டிருந்தது, ஏறவில்லை. ஒரு நாள் சகுனம் சரியில்லை, ஏறவில்லை. ஒரு நாள் மனசு சரியில்லை, ஏறவில்லை. பிறகு பயம் பிடித்துக்கொள்ளும். விட்ட நாளுக்கும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டுவான். அந்த அலுப்பில் மறுபடி இரண்டு நாள் படுத்துக்கொள்வான். வைகாசி கடைசியில் அவன் பாளையில் மிஞ்சியது ஒரு கட்டை.

மாசானம் நெல் உமி கனத்துக்குச் சீவினான். ஏறினான், சீவினான், இறங்கினான். அவன் கலயம் பாதிக்கு மேல் நிறைந்ததில்லை. ஒருவரும் கூடவில்லை, ஒருவரும் புகழவில்லை.

ஆனியில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் பாயைவிட்டு எழ முடியவில்லை. நான்காம் நாள் ஏறிப் பார்த்தான். பாளையின் வாய் கறுத்துக் காய்ந்திருந்தது. எட்டாவது குடிசை அவன் கண்முன் வந்து நின்றது. பயந்துதான் போனான்.

கீழே இருந்து வடிவு சொன்னாள்: "மூணு நாளு போயிட்டு. அதுக்கும் சேத்து ஒரு வெட்டா வெட்டிருங்க."

அவனுக்கும் அதே நினைப்புத்தான். அரிவாளை இரண்டு விரல் உள்ளே தள்ளி வைத்தான். வைத்தவன் வெட்டவில்லை. பிறகு அரிவாளை நுனிக்கே நகர்த்தினான்.

"அந்த மூணு நாளும் காத்தோட போயிட்டு, வடிவு. இன்னைக்குள்ளத மட்டும் சீவுதேன்."

உமி கனம் சீவினான். கலயம் காய்ந்து கிடந்தது. மறுநாள் ஏறினான், சீவினான், இறங்கினான். கலயம் காய்ந்து கிடந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. சங்கிலி மரத்தடியில் உட்கார்ந்து, வெறுங்கலயத்துக்கு இத்தனை ஏற்றமா என்று கேலி பேசினான். மாசானத்துக்கு ரோஷம் வந்தது, ஆனாலும் மாலையில் மறுபடி ஏறினான். ஊர் மாற நேர்ந்தால் ஆகுமென்று வடிவு அன்று மூலையில் கிடந்த பழைய ஓலைகளைக் கட்டாகக் கட்டி வைத்தாள்.

நான்காம் நாள் கலயத்தின் அடி ஈரமாயிருந்தது. பத்தாம் நாள் பழையபடி பாதிக் கலயம்.

ஆடி முதல் நாள் அரசன் வந்தான். சங்கிலி தான் சித்திரையில் இறக்கிய பதநீரைப் பற்றிச் சொன்னான். தாணு அடுத்த வருஷம் இறக்கப்போகும் பதநீரைப் பற்றிச் சொன்னான். அரசன் இரண்டையும் கேட்டுவிட்டு மூன்றாவது மரத்தடிக்குப் போனான். மாசானம் மேலே ஏறி, உமி கனம் சீவி, கலயத்தை விலக்கிப் பிடித்தான். பாளையில் மிச்சம் இரண்டு விரல்தான் இருந்தது.

அரசன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். முதல் சொட்டை ஆடிக் காற்று கொண்டுபோனது. இரண்டாவது சொட்டு தாணுவின் தோளில் விழுந்தது. மூன்றாவது அரசனின் உள்ளங்கையில் விழுந்தது. அவன் அதை நக்கிப் பார்த்தான்.

"ஒரு நாளைக்கு நான் குடுத்ததுல பாதிகூட இவன் ஒரு நாளும் குடுக்கல" என்றான் சங்கிலி.

"நீ எவ்வளவு குடுத்தேன்னு நான் கேக்கலையே. இன்னைக்குச் சொட்டுதான்னுதான் கேட்டேன்" என்றான் அரசன்.

தோப்பு மாசானத்துக்கு ஆயிற்று. வடிவு கட்டி வைத்த ஓலையைப் பிரித்து ஏழாவது குடிசையின் கூரையிலேயே வேய்ந்தாள். மறுநாள் விடிந்ததும் மாசானம் ஏறினான், சீவினான், இறங்கினான்.

கதையைக் கேட்டவர்கள் இதை வைத்துக்கொள்ளுங்கள்: எடுத்த காரியம் கைகூட வேண்டுமானால் தினமும் கொஞ்சம் செய்ய வேண்டும், நடுவில் நாள் தவறிப்போனாலும் அதை ஒரே பாய்ச்சலில் ஈடுகட்டப் பார்க்காமல், மறுநாள் அதே கொஞ்சத்தைச் செய்ய வேண்டும்.