கரையும் பை

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்தேழு.

குருவின் பெயர் ஜெசிந்தா. மலையடிவாரத்தில் ஒரு சிறிய சோதனைக்கூடம் நடத்திவந்தார். பிளாஸ்டிக்கும் ரப்பரும் வெயிலில், மண்ணில், நீரில் என்ன ஆகின்றன என்று பார்ப்பது அவர் வேலை.

சீடர் மாசிலாமணி முப்பது வருடம் ரப்பர் செருப்பு செய்தவர். ஆலையை மூடிய பிறகு மரக்கன்றுகளுக்கான கருப்புப் பிளாஸ்டிக் பை ஒன்றைச் செய்திருந்தார். பையைக் கிழிக்க வேண்டாம், அப்படியே குழியில் வைத்து மூடலாம், மண்ணில் கரைந்துபோகும் என்று நம்பினார்.

சோதனைக்கூடத்தில் பையைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை.

"அடுத்தவங்க சொல்லி நம்ப எனக்கு மனசு வராது டீச்சர். எப்படிப் பாக்கணும்னு எனக்கும் சொல்லித் தாங்க."

"மண்ணுக்குள்ள நூற்றெண்பது நாள் வைக்கணும் அண்ணாச்சி."

"அதுக்கு முந்தித் தெரியாதா?"

ஜெசிந்தா வெள்ளைக் கோட்டு ஒன்றை எடுத்து, போட்டுக்கொள்ள நீட்டினார்.

கன்றுப் பை வெயிலில் கிடப்பதுபோலவே பையின் துண்டுகளை நாற்பது நாள் வெயிலில் போட்டார்கள். பிறகு மூன்று கண்ணாடி ஜாடிகளில் மண்ணை நிரப்பினார்கள். முதல் ஜாடியில் வெறும் மண். இரண்டாவதில் மண்ணோடு காகிதத் துண்டுகள். மூன்றாவதில் மண்ணோடு மாசிலாமணியின் பை. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கிண்ணத்தில் மருந்துநீர் வைத்து, காற்று புகாமல் மூடினார்கள்.

"மண்ணுல கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கு. தின்னா மூச்சு விடும். அந்த மூச்சு இந்தக் கிண்ணத்துல கரையும். வாரத்துக்கு ஒரு நாள் எடுத்து அளப்போம். மத்த நாள்ல யாரும் திறக்கக் கூடாது."

மாசிலாமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் வந்ததும் மூன்றாவது ஜாடியின் முன் நிற்பார். கண்ணாடியில் விரலால் தட்டுவார். வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு, திரும்பவும் வந்து நிற்பார்.

பன்னிரண்டாம் நாள் ஜெசிந்தா கேட்டார்.

"மூடியைத் திறந்தீங்களா?"

"ஒரே ஒரு நிமிஷம். துண்டு மெலிஞ்சிருக்கான்னு..."

ஜெசிந்தா மூன்று ஜாடிகளின் மண்ணையும் கொட்டிவிட்டு முன்போலவே எல்லாம் புதிதாக நிரப்பினார். சுவரில் நாள் கணக்காக எழுதியிருந்த பன்னிரண்டை அழித்து ஒன்று என்று எழுதினார்.

"பன்னெண்டு நாள் போச்சே டீச்சர்!"

"ஆமா."

அந்த வருடம் மழை சீக்கிரம் வந்தது. ஐம்பதாம் நாளன்று சரோஜம் என்ற பெண் மாசிலாமணியைத் தேடி வீட்டுக்கு வந்தார். மேலே மண் சரிந்துபோன மலைச்சரிவில் மிச்ச மண்ணைப் பிடித்து நிறுத்த மரம் நடும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. மாசிலாமணி முன்பே கொடுத்துவைத்த பைகளில்தான் அவர்கள் கன்றுகளை வளர்த்திருந்தார்கள்.

"அண்ணே, மழை பெய்யுது. சரிவு செங்குத்தா இருக்கு, நின்னு பை கிழிக்க முடியாது. அப்பிடியே வைக்கலாம்னு சொன்னியளே, வைக்கட்டா?"

சோதனை முடிய நூற்றுமுப்பது நாள் இருந்தது. மழை அதுவரை காத்திருக்காது.

"வைங்க," என்றார் மாசிலாமணி.

அறுநூறு கன்றுகள். ஜெசிந்தாவிடம் அவர் இதைச் சொல்லவில்லை.

வாரங்கள் போயின. கிண்ணத்து நீரைச் சொட்டுச் சொட்டாக அளக்க மாசிலாமணி கற்றுக்கொண்டார். காகித ஜாடி நன்றாக மூச்சு விட்டது. பை இருந்த ஜாடி வெறும் மண் அளவுக்கே விட்டது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும்.

"மெதுவாத் தொடங்கும், இல்லையா டீச்சர்?"

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"அப்போ ஜாடியை மூடுங்க."

அவருக்குத் தூக்கம் குறைந்தது. சாப்பிடும்போது பாதியில் எழுந்துவிடுவார். மனைவி என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். மழை கனத்துப் பெய்தால் வாசலுக்கு வந்து மலையைப் பார்ப்பார்.

நூற்றெண்பதாம் நாள் மூன்றாவது ஜாடியின் மண்ணை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டினார்கள். மாசிலாமணி விரல்களால் மண்ணைக் கிளறினார். ஒரு துண்டுகூட இல்லை. இன்னும் கிளறினார்.

"இல்ல டீச்சர்! எல்லாம் போயிட்டு! நாமதான் அளக்கதுல என்னமோ தப்பு பண்ணிருக்கோம்."

ஜெசிந்தா ஒரு வாளி நீரில் உப்பைக் கரைத்தார். தட்டு மண்ணை அதில் கொட்டிக் கலக்கினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு ஜன்னலருகே போய் நின்றார்.

மாசிலாமணி வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலங்கல் மெல்ல அடங்கியது. மண் கீழே இறங்கியது. மேலே ஒரு கருப்புத் தூள் மிதந்தது. மிளகுப்பொடி தூவியதுபோல் நீர் முழுக்க மிதந்தது. ஒரு விரலை வைத்தார். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. தேய்த்தார். அது இன்னும் சிறியதாக ஆனது, கரையவில்லை.

விரலைப் பார்த்தபடியே, "அறுநூறு கன்று நட்டாச்சு டீச்சர்," என்றார்.

ஜெசிந்தா திரும்பினார். "எங்க?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. சுவரில் மாட்டியிருந்த மாசிலாமணியின் குடையை ஜெசிந்தா எடுத்துக் கொடுத்தார்.

சரோஜம் சரிவிலேயே இருந்தார். மாசிலாமணி மூச்சு வாங்க ஏறிப்போய், நின்றபடியே சொன்னார். சரோஜம் ஒரு கன்றின் பக்கத்தில் குந்தி, கையால் மண்ணை விலக்கினார். பை தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. வேர்கள் அதைத் துளைத்துக்கொண்டு மண்ணுக்குள் போயிருந்தன.

"இனி எடுக்க முடியாது. எடுத்தா கன்னு சாவும். கன்னு செத்தா சரிவு நிக்காது," என்றார்.

"எல்லாம் நான் செஞ்ச தப்பு."

"அதெ வச்சு நான் என்ன செய்ய? கீழ இருக்கது எங்க கிணறு. எத்தனை வருஷம் இது மண்ணுக்குள்ள கிடக்கும்? அதெ சொல்லுங்க."

மாசிலாமணி உதிர்ந்த துண்டொன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"தெரிஞ்சிட்டு வந்து சொல்லுங்க. மிச்சப் பை இங்கதான் இருக்கு, தூக்கிட்டுப் போங்க. இனி நாங்க கிழிச்சே நடுகோம்."

மாசிலாமணி பைக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். வீட்டுக்குப் போகாமல் நேராகச் சோதனைக்கூடத்துக்கு வந்தார். சட்டை நனைந்திருந்தது. முழங்காலில் சேறு.

"எத்தனை வருஷம் டீச்சர்? அவங்க கேக்காங்க."

"தெரியாது."

"உத்தேசமா ஒரு கணக்கு?"

"தெரியாது அண்ணாச்சி."

"ஐந்நூறு வருஷம்னு சொல்லுகாங்களே. ஆயிரம்னும் சொல்லுகாங்க."

"சொன்னவங்க யாரும் அத்தனை வருஷம் இருந்து பாக்கல. பாலித்தீன் பைக்கே இன்னும் நூறு வயசாகல."

"நூற்றெண்பது நாள் காத்திருந்தேன். அதுக்கப்புறமும் தெரியாதுன்னா, இந்தச் சோதனை எதுக்கு?"

அவர் குரல் உயர்ந்துவிட்டது. ஜெசிந்தா எழுந்து, ஈரம் துடைக்க ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் வாங்கினார், துடைத்துக்கொள்ளவில்லை.

"அந்தப் பொம்பள முகத்தப் பாத்து நான் என்ன சொல்ல?"

"இன்னைக்கு மண்ணுக்குள்ள இருக்குன்னு சொல்லுங்க."

"அடுத்த வருஷம் கேட்டா?"

"அடுத்த வருஷம் நீங்க அங்க போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க."