பெற்றவர் முகம் தேடும் கத்தரி விதை

அந்தக் காலத்தில், செடிகொடிகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, சுடலையாண்டியின் கிணற்றடித் தோட்டத்தில் இரண்டு கத்தரிச் செடிகள் இருந்தன. நீலக்கத்தரியின் காய் பெரிது, வைத்ததும் வெந்துவிடும். ஆனால் பாதியைப் புழு தின்றுவிடும். முள்ளுக்கத்தரியைப் புழு தொடாது; காயோ சிறுத்துக் கசக்கும்.

“புழுவுக்குச் சோறு போடுறவளே!” என்று முள்ளுக்கத்தரி சீண்டும்.

“உன்னைத் தின்னப் புழுவுக்கே மனசு வரல. பேச வந்துட்டான்!” என்று நீலக்கத்தரி திருப்பிக் கொடுக்கும்.

ஒருநாள் சுடலையாண்டி, முள்ளுக்கத்தரியின் பூந்தாதைக் கோழி இறகால் தொட்டு நீலக்கத்தரியின் பூவில் வைத்தான். வண்டு வராமல் பூவைத் துணியால் மூடினான். அந்தக் காயின் விதையில் முளைத்த செடி, தாயைப் போலப் பெருங்காய் காய்த்தது. தகப்பனைப் போலப் புழுவை அண்டவிடவில்லை. சண்டைக்காரர்கள் இருவரும் சண்டையை மறந்து பிள்ளையையே பார்த்து நின்றார்கள்.

சுடலையாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. “அடுத்த அம்மன் கொடைத் திருவிழாவுக்கு ஊர்ச்சாப்பாட்டுக் கத்தரிக்காய் முழுக்க என் தோட்டத்துலதான்!” என்று கோயில் வாசலில் நின்று வாக்குக் கொடுத்தான்.

பிள்ளைச் செடியில் ஒரு நல்ல காயைப் பார்த்து, விதைக்காக விட்டுவைக்க அடையாளமாகக் கந்தல் துணி கட்டினான். பிறகு பழைய செடிகளின் மேல் கைவைத்தான். மனைவி பிச்சம்மாள் ஓடிவந்தாள்.

“ஏங்க, கிறுக்கு பிடிச்சிருக்கா? பெத்ததுகளைப் போய்ப் பிடுங்குதீங்க!”

“அதான் பிள்ளை இருக்கே. இனி கிழடுகளுக்கு எதுக்குத் தண்ணி?”

இரண்டையும் வேரோடு பிடுங்கி வரப்பில் எறிந்தான்.

பிள்ளைச் செடி இலை நடுங்கக் கத்தியது. “சுடலையாண்டி! என்னைப் பெத்தவங்களை என் கண் முன்னாலேயே கொன்னுட்டியே! என் காயைத் தின்னு, தடுக்கல. ஆனா என் விதையில நீ என்னைப் பார்க்கவே மாட்டே. என் பிள்ளைங்க அந்த ரெண்டு பேர் முகத்தைத் தேடித்தான் பிறக்கும்.”

“செடிக்கு வந்த வாயைப் பாரு” என்று சிரித்தான் சுடலையாண்டி.

துணி கட்டிய காயின் விதையைத் தோட்டம் முழுக்க விதைத்தான். காய்த்தபோது ஒரு செடி போல மறுசெடி இல்லை. ஒன்று கசந்தது, ஒன்றில் புழு நெளிந்தது, ஒன்று முள்ளாய்ச் சிறுத்தது. எங்கோ ஒன்றிரண்டுதான் நன்றாக இருந்தன. வாக்குக் கொடுத்தாயிற்றே என்று எல்லாவற்றையும் பறித்துக் கொடைக்குக் கொண்டுபோனான்.

“என்ன வே, ஒரு அகப்பையில புழு, மறு அகப்பையில கசப்பு! ஊருக்கே மருந்து வைக்கீரா?” என்று பந்தியே எழுந்துவிட்டது.

சுடலையாண்டி அரிவாளோடு தோட்டத்துக்கு ஓடினான். “ஏன் இப்படிப் பண்ணினீங்க?” என்று கத்தினான்.

“எங்க ஆச்சி எங்கே? எங்க தாத்தா எங்கே?” என்று தோட்டம் மொத்தமும் திருப்பிக் கத்தியது.

வரப்புக்கு ஓடினான். வெறும் மண்.

“அங்கே என்ன தேடுதீங்க?” என்றாள் பின்னால் வந்த பிச்சம்மாள். “காஞ்ச சுள்ளின்னு அதுகளை நீங்கதானே அடுப்புல வச்சீங்க.”

தோட்டம் அதைக் கேட்டது. அதற்குப் பிறகு எந்தச் செடியும் மனிதனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று முதல்தான், இரண்டு வகையைச் சேர்த்து உண்டாக்கிய வீரிய ஒட்டுக் காயின் விதையை எடுத்து நாம் ஊன்றினால், ஒரே பாத்தியில் வெவ்வேறு முகங்கள் முளைக்கின்றன. தாயையும் தகப்பனையும் தனித்தனிப் பாத்தியில் உயிரோடு காப்பவர் கையில் மட்டுமே அந்தப் பிள்ளை மறுபடி பிறக்கிறது.