இரண்டாவது கால்

"அந்த அம்மா ஏன் காலை இழுத்துக்கிட்டாங்க?" என்று கேட்டார் அருமைநாயகம்.

புஷ்பராணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்த அம்மாங்க?"

"மஞ்சள் ஸ்வெட்டர் போட்டவங்க."

"சவரியாயி."

பெயரைச் சொன்னாளே தவிர பதில் சொல்லவில்லை. அது அவள் வழக்கம்.

நாகர்கோவிலிலிருந்து எட்டுப் பேர் இலங்கை மலைநாட்டுக்குப் பத்து நாள் ஊழியத்துக்கு வந்திருந்தார்கள். அரசு வேலையில் முப்பத்து மூன்று வருஷம் இருந்து ஓய்வு பெற்ற அருமைநாயகம்தான் குழுத் தலைவர். புஷ்பராணி அந்தத் தோட்டத்துக்காரி; அவர் வயதில் பாதி. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் கோடியில் இருந்த தகரக் கூரைச் சபையில் பிரசங்கம் செய்வாள்.

புறப்படும்போது ஊர்ப் போதகர் சொல்லி அனுப்பியிருந்தார்: "அங்கே போய்ப் போதிக்க வேண்டாம். அந்தச் சகோதரிகிட்ட கத்துக்கிட்டு வாங்க."

அருமைநாயகம் தினமும் ஏதாவது கேட்டார். அவள் தினமும் ஏதாவது வேலை கொடுத்தாள். நாளைக் காலையில் பஸ்.

"வர்ற ஞாயித்துக்கிழமை எங்க சபையில சாட்சி சொல்லணும். எழுதி வச்சிருக்கேன், கேளுங்க" என்று நோட்டைத் திறந்து படித்தார்.

"முழங்காலில் நின்று அந்தத் தாயின் ஒரு பாதத்தைக் கழுவினேன். மறு பாதத்தைத் தொடும் முன் அவர் இழுத்துக்கொண்டார். எங்கள் அன்பை அவரால் தாங்க முடியவில்லை."

நோட்டை மூடினார்.

"சரிதானா?"

புஷ்பராணி முறத்தைக் கீழே வைத்தாள். மூலையில் இருந்த பிளாஸ்டிக் குடத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"பீலியில தண்ணி பிடிச்சிட்டு வாங்க ஐயா."

"நான் கேட்டது?"

"தண்ணி இல்லாம சோறு வேகாதுங்களே."

வாசலில் நின்ற பெஞ்சமின், குழுவில் இளையவர், செல்போனைத் தூக்கினார்.

"அண்ணாச்சி, குடத்தோடயா? ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டுமா?"

"எடு" என்று குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார் அருமைநாயகம்.

பீலி என்ற ஊற்றுக்குழாய் கீழே, பள்ளத்தில் இருந்தது. மண்ணை வெட்டிச் செய்த படிகள். நூற்றிருபது வரை எண்ணினார். பிறகு விட்டுவிட்டார்.

முந்தாநாள் கூட்டத்தை நினைத்துக்கொண்டே இறங்கினார். பாதம் கழுவும் ஆராதனை அவருடைய யோசனை. ஊரிலேயே எட்டு பேசினும் எட்டு வெள்ளைத் துவாலையும் வாங்கிக் கட்டி எடுத்து வந்திருந்தார்கள். குளிருக்கு வெந்நீராக இருக்கட்டும் என்று சொன்னவர் அவர்தான். ஒரு கால் கழுவிய தண்ணீரில் மறு காலை வைக்கக் கூடாது, ஒவ்வொரு காலுக்கும் புதுத் தண்ணீர் என்றதும் அவர்தான். மரியாதை என்றால் முழு மரியாதை. நாற்பது பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சபைக்குப் பின்னால் இரண்டு அண்டாக்களில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

பாறை இடுக்கில் ஒரு தகரக் குழாய். மாசி மாதம். தண்ணீர் நூலாக இறங்கியது. பௌர்ணமி, போயா தினமாதலால் தோட்டத்துக்கு விடுமுறை; பெண்கள் எல்லாரும் குடத்தோடு அங்கேதான் இருந்தார்கள். அவரைக் கண்டதும் பேச்சு நின்றது.

"ஐயாவுக்கு வழி விடுங்கடி."

"வேண்டாம்மா. நான் கடைசியிலேயே நிக்கிறேன்."

"நிக்கட்டும், நிக்கட்டும். இந்தியாவுல தண்ணி இல்லாம கடல் தாண்டி வந்திருக்காரு" என்றாள் ஒருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அவருக்கு முன்னால் நின்றது மஞ்சள் ஸ்வெட்டர். சவரியாயி திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஐயா, இன்னைக்கும் கால் கழுவுற கூட்டம் இருக்குங்களா?"

ஆசையாகக் கேட்கிறாள் என்று நினைத்தார்.

"இல்லையேம்மா" என்றார், வருத்தத்தோடு.

சவரியாயி முன்னால் நின்றவளிடம், "இல்லையாம்" என்றாள்.

"இல்லையாம்."

"இல்லையாம்டி."

வரிசை நெடுகப் போனது அந்தச் சொல். குழாயடியில் யாரோ "அப்பாடா" என்றாள். பக்கத்தில் நின்றவள் அவள் வாயைப் பொத்தினாள்.

அருமைநாயகம் குடத்தைத் தோளிலிருந்து இறக்கினார்.

"அன்னைக்கு நீங்க எத்தனை குடம் எடுத்தீங்கம்மா?"

"ஏழு நடைங்க. விடியுறதுக்கு முன்னயே எறங்கிட்டோம். வெறகுக்கு வேற ஆளுங்க போனாங்க."

"அதனாலதான் காலை..."

"ரெண்டாவது காலுக்கும் புதுத் தண்ணின்னு கேட்டீங்க. அண்டாவுல அடி தெரிஞ்சிருச்சு. தீர்ந்தா மறுபடி நாங்கதானேங்க எறங்கணும். ஒரு காலு போதும்னு இழுத்துக்கிட்டேன்." அவள் தயங்கினாள். "தப்பா நெனைச்சுக்கிட்டீங்களா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா."

"எப்படிங்க சொல்றது? நீங்க அழுதுகிட்டு இருந்தீங்களே."

முக்கால் மணி நேரம் கழித்து அவர் குடம் நிறைந்தது. ஏறும்போது தளும்பித் தளும்பி வேட்டி நனைந்தது. இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகப் பெண்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். "பாத்து வாங்க ஐயா" என்று ஒவ்வொருத்தியும் சொல்லிவிட்டுப் போனாள்.

மேலே பெஞ்சமின் காத்திருந்தார்.

"அண்ணாச்சி, இங்க பாருங்க. கொஞ்சம் சிரிங்க."

"அதை உள்ளே வைடே."

வீட்டுக்குள் வந்து குடத்தை இறக்கினார். அரைக் குடம்தான் மிஞ்சியிருந்தது. புஷ்பராணி அதில் மொண்டு அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

அவர் நோட்டைத் திறந்தார். எழுதியதை அடித்தார். பிறகு அந்தத் தாளையே கிழித்து அடுப்பில் போட்டார். அப்படியும் நெஞ்சு ஆறவில்லை.

"சிஸ்டர், சாயங்காலம் எல்லாரையும் சபைக்கு வரச் சொல்லுங்க. தண்ணி வேண்டாம், பேசின் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவங்க முன்னால நின்னு மன்னிப்பு கேக்கணும். கேக்காம நான் எந்த முகத்தோட பஸ் ஏறுவேன்?"

"கூப்பிட்டா வந்துருவாங்க."

"அப்ப கூப்பிடுங்க."

புஷ்பராணி அவரை நேராகப் பார்த்தாள்.

"அழுவீங்களா ஐயா?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அழுகை வரும்."

"அப்ப வேண்டாங்க" என்றாள்.