பம்புசெட்டு ஊதிய சுரம்

"இருபத்தாறு வருசம் ஒரே சுரத்தை ஊதினேன், அம்மா. இப்போ என் இடத்தில் ஒரு சுருதிப் பெட்டி உட்கார்ந்திருக்கு," என்றார் கலியமூர்த்தி.

செண்பகவல்லி தன் நாகசுரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அவள் வாசித்தால் கல்யாண வீட்டில் பந்திக்கு எழுந்தவர்கள்கூடத் திரும்ப வந்து உட்காருவார்கள்.

"யாருக்கு ஊதினீங்க, அண்ணே?"

"வைத்திக்கு. அவன் முன்னால் உட்கார்ந்து ராகம் வாசிப்பான். நான் பின்னால். துளையெல்லாம் மெழுகு வெச்சு அடைச்ச இந்த ஒத்துக் குழல். மூச்சு விடாமல் ஒரே சுரம். அவன் முதுகைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். அதில் எத்தனை மருன்னு கேளுங்க, சொல்றேன்."

"எத்தனை?"

"நாலு."

அவள் சிரிக்கவில்லை. அவரே தொடர்ந்தார்.

"ஒரே ஒரு ராகம் சொல்லிக் கொடுங்க. அவன் காதுபட ஒரு தடவை வாசிச்சிட்டா போதும். இல்லேன்னா இந்தக் குழலை அடுப்பில் வெச்சுடுவேன்."

"நம்ம வயலில் பம்புசெட்டு ஓடுது. பக்கத்தில் போய் உட்காருங்க. என்ன கேட்டதுன்னு வந்து சொல்லுங்க."

சாயங்காலம் வந்தார்.

"மோட்டார் ரெண்டு கட்டைக்குக் கொஞ்சம் கீழே நிக்குது. சுருதி சேரலை."

"சுருதியையா கேட்டேன்? நாளைக்கும் போங்க."

மறுநாளும் வந்தார்.

"தொட்டியில் தண்ணி விழுது. மைனா கத்துது. களை எடுக்கிற பொம்பளைங்க ஊர்க்கதை பேசறாங்க. ஒரே இரைச்சல்."

"நாளைக்கும் போங்க."

மூன்றாம் நாள் வெயில் ஏறுவதற்கு முன்பே திரும்பிவிட்டார். நடந்து வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"கரண்ட் போச்சு, அம்மா. மோட்டார் நின்னுபோச்சு."

"சரி."

"அது நின்னதும் எல்லாம் தனித்தனியா பிரிஞ்சுபோச்சு. மைனா ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். களை எடுத்தவங்க சட்டுன்னு நிமிர்ந்து பார்த்தாங்க. என்னத்தைப் பார்க்கிறோம்னு அவங்களுக்கே தெரியலை. மறுபடி கரண்ட் வந்துச்சு. குனிஞ்சாங்க. மைனா குரல் மோட்டார் சத்தத்துமேல் ஏறி ஏறி இறங்குது. தண்ணி தாளம் போடுது."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதைப் போய் இரைச்சல்னு சொல்லியிருக்கேன்."

செண்பகவல்லி எழுந்து தன் நாகசுரத்தை அவரிடம் நீட்டினாள்.

"அந்த மைனா வாசிச்சதை வாசிங்க."

"விரல் வரிசை சின்ன வயசில் படிச்சதோடு சரி."

"மைனா யார்கிட்டே படிச்சுது?"

அவர் கையிலிருந்த ஒத்துக் குழலை வாங்கிக்கொண்டு, அவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

அவர் பதறிப்போனார். "நீங்க ஒத்து ஊதறதா? வேண்டாம், அம்மா."

"உட்காருங்க அண்ணே. உங்க முதுகில் எத்தனை மருன்னு நானும் பார்க்கிறேன்."

அவள் கன்னங்கள் உப்பின. ஒற்றைச் சுரம் எழுந்தது.

அவர் மைனாவின் முதல் வளைவை ஊதினார். பிசிறடித்தது. இன்னொரு முறை ஊதினார். தடுமாறி விழுந்தது. பின்னாலிருந்த சுரம் அதைத் தரைபோலத் தாங்கிக்கொண்டது. மூன்றாம் முறை மைனா வந்துவிட்டது.

அவர் நாகசுரத்தை மடியில் இறக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் ஒலித்த சுரத்தைக் கேட்டார்.

"இந்தச் சுரத்தை நான் கேட்டதே இல்லை, அம்மா," என்றார். "ஊதிக்கிட்டே இருந்துட்டேன்."

சுரம் நிற்கவில்லை.

அவர் திரும்பி உட்கார்ந்து அவளைப் பார்த்தார்.

"வைத்தி தினமும் இதையா கேட்டுக்கிட்டிருந்தான்?"

அவள் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"கேட்டுமா பெட்டி வாங்கினான்?"

அதற்குப் பதில் சொல்ல அவள் குழலிலிருந்து வாயை எடுக்க வேண்டும். ஒத்துப் பிடித்தவர் எடுக்கக் கூடாது.

அவள் ஊதிக்கொண்டே, அவர் மடியில் கிடந்த நாகசுரத்தைக் கண்ணால் காட்டினாள்.