ஒன்பது கோல் ஆட்டத்தின் மேனேஜர்

"டீச்சர், இந்தப் பதிவேட்டுலேர்ந்து ஒரு பேரை எடுக்கணும்னா என்ன செய்யணும்?"

"அந்த இடத்துல இன்னொரு பேரை எழுதணும்," என்றாள் ஹெப்சிபா.

கேட்டவர் கன்னியப்பன். வயது நாற்பத்தெட்டு. ஹெப்சிபாவுக்கு முப்பத்தொன்று; லீக்கின் பதிவேட்டை எழுதி வைப்பவள். லீக்கில் ஆடும் கால்பந்து கிளப்புகளின் மேனேஜர்கள் அத்தனை பேருடைய ஜாதகமும் அவளிடம் இருந்தது. எத்தனை ஆட்டம், எத்தனை வெற்றி, எத்தனை டிரா, எத்தனை தோல்வி, கடைசியில் வெற்றி சதவீதம்.

ஆறு மாதமாகச் சனிக்கிழமைதோறும் வந்து அவளிடம் அந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்தார் கன்னியப்பன். கற்றுக்கொடுப்பவள் சின்னவளாக இருந்தால் என்ன, டீச்சர் டீச்சர்தான் என்பது அவர் கட்சி.

"யார் பேரு?" என்றாள்.

அவர் பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார்.

கன்னியப்பன். வெண்சங்கு அணி. ஆட்டம் 1. வெற்றி 0. டிரா 0. தோல்வி 1. வெற்றி சதவீதம் 0.00.

ஒரு மனிதனின் மானத்தை வாங்க ஒரு பூஜ்யமே போதும். அதற்குப் பக்கத்தில் புள்ளி வைத்து இன்னும் இரண்டு பூஜ்யம் போடுவது கொஞ்சம் அதிகம்தான்.

"பொண்ணுங்க டீமுக்கு மேனேஜர் எடுக்குறாங்க டீச்சர். நாலு வருஷமா காலைல அஞ்சரைக்கு அந்தப் பொண்ணுங்களுக்கு நான்தான் பிராக்டிஸ் குடுக்குறேன். சர்டிபிகேட்டும் வாங்கிட்டேன். ஆனா ஆள் எடுக்குற கமிட்டி முதல்ல பாக்கப்போறது உங்க லிஸ்டை. நூத்தி நாப்பது பேர்ல கடைசி ஆள் நான்."

"ஆமா."

"பேரே இல்லன்னா புது ஆள்னு நினைப்பாங்க. இருந்தா, தோத்த ஆள்."

"ஆமாண்ணா."

"வெறுமனே அடிச்சிட முடியாதா?"

"மேனேஜர் பேரு இல்லாத ஆட்டம் செல்லாது. ஆட்டம் செல்லலைன்னா அன்னிக்கு ஆடின பசங்களும் ஆடலைன்னுதான் கணக்கு. எத்தனை பேரு ஆடினாங்க?"

"எட்டுப் பேரு."

"எட்டுப் பேரையும் அடிச்சிடட்டுமா?"

கன்னியப்பன் அவசரமாகப் பக்கத்தை மூடினார்.

"அடுத்த சனிக்கிழமை அஞ்சு மணிக்கு லிஸ்ட் கமிட்டிக்குப் போகுது," என்றாள் ஹெப்சிபா. "அதுக்குள்ள யாராவது, 'அந்த ஆட்டம் என்னோடது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா மாத்திடலாம். விதியிலேயே இருக்கு."

ஒரு வெள்ளைத்தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள்.

அந்த ஆட்டம் நடந்து எட்டு வருடம் ஆகிறது.

அன்று காலையில் வெண்சங்கு அணியின் மேனேஜர் விக்டர் தனபாலன் கிளப்போடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினார். போகும்போது நல்ல ஆட்டக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மைதானத்துக்கு வந்தவர்கள் எட்டே பேர். மேனேஜர் என்று ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஆட்டம் இல்லை, அணிக்கு லீக்கில் இடமும் இல்லை.

கன்னியப்பன் அப்போது அந்த அணியின் ஜெர்ஸி, பூட்ஸ், தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொள்கிறவர். பேனா அவர் சட்டைப்பையில் இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

கொட்டுகிற மழையில் அணி ஒன்பது கோல் வாங்கியது.

தாளை எடுத்துக்கொண்டு முதலில் விக்டர் வீட்டுக்குப் போனார். நியாயமாகப் பார்த்தால் அது விக்டரின் ஆட்டம்தான்.

"வா கன்னியப்பா, உக்காரு," என்றார் விக்டர். காப்பி வந்தது. விஷயத்தைக் கேட்டதும் காப்பி ஆறியது.

"நான் மொத்தம் எண்பத்துமூணு ஆட்டம் பார்த்தேன். அம்பது ஜெயிச்சேன். சதவீதம் அறுபது புள்ளி ரெண்டு நாலு."

"தெரியும் சார்."

விக்டர் கண்ணை மூடித் திறந்தார். "இதைச் சேர்த்தா அம்பத்தொம்பது புள்ளி அஞ்சு ரெண்டு."

பேப்பர் இல்லை, பென்சில் இல்லை. மனுஷன் மனசுக்குள்ளேயே போட்டுவிட்டார்.

"அம்பத்தொம்போதுக்கும் அறுபதுக்கும் என்ன சார் பெரிய வித்தியாசம்?"

"உனக்கு அது புரியாதுப்பா," என்றார் விக்டர். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. கன்னியப்பனுக்கு அவரைப் பார்க்கவே பாவமாகிவிட்டது. ஆறிய காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

அடுத்து, கிளப் செயலாளர் பலராமன்.

"அன்னிக்கு நான் ஊர்லயே இல்லையே. மச்சினிச்சி கல்யாணம்." அலமாரியைத் திறந்து பத்திரிகையை எடுத்து நீட்டினார். எட்டு வருடத்துக்கு முந்திய கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் தடவிய மூலைகூட அப்படியே இருந்தது. இப்படி ஒருநாள் யாராவது வந்து கேட்பார்கள் என்று அவர் எட்டு வருடமாகத் தயாராக இருந்திருக்கிறார்.

"உதவி மேனேஜர் ஒருத்தர் இருந்தாரே சார்?"

"அவரும் என்கூட அதே பந்தியிலதான் உக்காந்திருந்தாரு."

புதன் போனது, வியாழன் போனது. தாள் வெள்ளையாகவே இருந்தது. தோற்ற ஆட்டத்துக்கு இவ்வளவு சுத்தமான தாளா என்று கன்னியப்பனுக்கே ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை டில்லிபாபுவைப் பிடித்தார். அந்த எட்டுப் பேரில் அவன்தான் கேப்டன், அவனேதான் கோல்கீப்பர். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

"இன்னாண்ணா, ஆளையே காணோம்? ஏறு, ஏறு. எங்க போவணும்?"

"உன்னைப் பாக்கத்தான்டா வந்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் டில்லிபாபு தாளை வாங்கிக்கொண்டான்.

"இதுக்கா இவ்ளோ தயங்கினே? ஒன்பது கோலையும் உள்ள வுட்டவனே நான்தானே. மேனேஜரும் நான்தான்னு போட்டுக்கோ. எனக்கு இன்னா, நாளைக்கு மேனேஜர் வேலையா தரப்போறானுங்க?"

ஸ்டியரிங் மேலேயே தாளை வைத்து எழுதினான். 'வெண்சங்கு அணியின் அந்த ஆட்டம் என்னோடது. இப்படிக்கு, டில்லிபாபு.'

"எப்படியாவது அந்த வேலையை வாங்கிடுண்ணா," என்றான். "என் பொண்ணையும் உன்கிட்டதான் உடுவேன். காலைல எழுப்புறதுதான் கஷ்டம்."

கன்னியப்பன் அவன் தோளைத் தட்டிவிட்டு இறங்கிவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை, நாலரை மணி. ஹெப்சிபா தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"சரியா இருக்குண்ணா. மாத்திடலாம்."

அவ்வளவுதானா என்று கன்னியப்பனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் திட்டுவாள், இல்லாவிட்டால் ஏதாவது புத்தி சொல்வாள் என்று எதிர்பார்த்துப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தார்.

அவள் பேனா மூடியைக் கழற்றினாள்.

"ஒரு ஆட்டம் மட்டும் பார்த்த மேனேஜர்னா, அவரைப் பத்தி ரெண்டு வரி எழுதி வைக்கறது என் பழக்கம். லிஸ்ட்டுல போகாது, எனக்காக. டில்லிபாபு வரலை, நீங்க அன்னிக்கு அங்க இருந்தீங்க. நீங்களே சொல்லுங்க. இடைவேளையில ஸ்கோர் என்ன?"

"ஆறு, பூஜ்யம்."

"பசங்க எப்படி இருந்தாங்க?"

"ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கிட்டு இருந்தானுங்க. டில்லி ஒரு மூலையில தனியா உக்காந்து அழுதுட்டிருந்தான். கூட்டம் சிரிச்சுட்டிருந்துது."

"மேனேஜர் என்ன சொன்னாரு?"



"ஆட்டத்தைப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். பூட்ஸ் துடைக்கிற ஆள்."

"சரி. என்ன சொன்னாரு?"

"இனிமே கோல் விழுந்தா ஒருத்தரும் இடுப்புல கையை வச்சுக்கிட்டு நிக்கக் கூடாது, எல்லாரும் நேரா கோல்கீப்பர்கிட்ட ஓடுங்க, அவனைத் தூக்கி நிறுத்திட்டு அப்புறம் பந்தை எடுங்கன்னாரு."

ஹெப்சிபா எழுதிக்கொண்டே கேட்டாள். "அப்புறம் எத்தனை கோல் விழுந்தது?"

"மூணு."

"ஓடினாங்களா?"

"ஏழாவது கோலுக்கு ஓடினப்போ கூட்டம் இன்னும் ஜாஸ்தியா சிரிச்சுது. ஒன்பதாவதுக்கு ஓடினப்போ யாரும் சிரிக்கல. எல்லாரும் எழுந்து கை தட்டினாங்க. எதிர் டீம் பசங்ககூடத் தட்டினாங்க."

"நல்ல மேனேஜர்," என்றாள் ஹெப்சிபா. எழுதியதன் மேல் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினாள். "டில்லிபாபுவுக்கு இனிஷியல் என்ன?"

கன்னியப்பன் பதிவேட்டில் இருந்த தன் பேரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிஷியல் என்னண்ணா? அஞ்சு மணிக்கு லிஸ்ட் போயாகணும்."

அவர் பதிவேட்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். பேனா அவர் விரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"கையை எடுங்கண்ணா."

"இருக்கட்டும் டீச்சர்."

"பூஜ்யம்னுதான் போகும்."

"போகட்டும்."

"கடைசிப் பேரா போகும்."

"மூணு தடவையும் ஓடினாங்க டீச்சர்," என்றார் கன்னியப்பன். "நான் சொல்லித்தான் ஓடினாங்க."