நிலாவுக்குப் பின்னால் திறந்த கண்

அஞ்சுகம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுச் செண்பகம் படியேறி வந்து, உட்காராமலே கேட்டாள்.

"என் பிள்ளை உன் வீட்லதானே இருக்குது?"

அஞ்சுகம் கீரையைக் கீழே வைத்தாள்.

செண்பகத்தின் மகள் தேன்மொழி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். போன பிறகும் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த வீட்டில் கொலுசு கேட்கும். செண்பகம் சோற்றைத் தொடாமல் அதற்காகவே காத்துக் கிடப்பாள்.

அஞ்சுகம் காஞ்சிபுரத்தில் கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவள், பிள்ளை இல்லாதவள். நிலாவைச் சுற்றிக் காட்டிவிட்டு வருகிற ஒரு தனியார் விண்கப்பலில், பார்த்துவிட்டு வந்து வரையட்டும் என்று ஒரு முதலாளி கலைஞர்கள் சிலருக்கு இடம் எடுத்தார். அவளுக்கும் ஒன்று கிடைத்தது. செண்பகத்துக்காகத் தேன்மொழியின் முகத்தை வரைந்து எடுத்துக்கொண்டாள், கண் மட்டும் எழுதாமல். அஞ்சுகத்தின் வீட்டு வழக்கப்படி கண்ணைக் கடைசியில்தான் எழுத வேண்டும், அதுவும் பக்கவாட்டில் இருந்து. திறந்த கண் முதலில் யாரைப் பார்க்கிறதோ, அவரை விடாதாம்.

புறப்படுவதற்கு முன்னால் செண்பகம் அஞ்சுகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "பூமி தெரியுறப்போ கண்ணைத் தொற. வீட்டுக்கு வழி தெரியட்டும்" என்றாள்.

செண்பகத்தின் புருஷன் தணிகாசலம் தனியே வந்து, "பூமியே தெரியாத இடத்துல, நிலாவுக்குப் பின்னாடி தொறந்துடும்மா. பிள்ளை நிம்மதியா போய்ச் சேரட்டும். இல்லாட்டி இவளும் போயிடுவா" என்றான்.

இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டாள் அஞ்சுகம்.

அங்கே போனதும் செண்பகத்தின் குச்சிக் கைதான் நினைப்புக்கு வந்தது. தணிகாசலம் சொன்னபடியே செய்தாள். பூமி மறைந்ததும் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, ஓரமாக மிதந்தபடி இரண்டு கண்ணையும் எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்து பார்த்தாள். ராத்திரி பஸ்ஸில் போல, வெளியே கும்மிருட்டு, உள்ளே விளக்கு. ஜன்னல் கண்ணாடியில் நிலா தெரியவில்லை. அந்தக் கண்ணுக்கு எதிரே அஞ்சுகத்தின் முகம்தான் தெரிந்தது.

திரும்பி வந்த நாளிலிருந்து கொலுசு அஞ்சுகத்தின் வீட்டில் கேட்கிறது.

"அந்தக் கண்ணை வண்ணம் பூசி மூடு. என் எதிர்ல திரும்ப எழுது" என்றாள் செண்பகம்.

"காய்ச்சல்ல ஒருதரம் மூடுனது போதாதாக்கா? என் கையால மூட மாட்டேன்."

பின்னாலேயே வந்த தணிகாசலம், "விடு செண்பகம். ஏதோ ஒரு வீட்ல வெளையாடிட்டு இருக்குது. நீ வந்து ஒரு வாய் சாப்பிடு" என்றான்.

பெற்றவள் கேட்கிறாள். பெறாதவள் தர மாட்டேன் என்கிறாள். தகப்பன் விட்டுவிடச் சொல்கிறான். இதில் யார் சொல்வது நியாயம்?

விடை: ஒருத்தர் சொல்வதும் இல்லை. பிள்ளை எங்கே இருக்கணும் என்று மூன்று பேரும் பேசினார்களே தவிர, பிள்ளையை யாரும் கேட்கவில்லை. அஞ்சுகத்துக்குத்தான் அது முதலில் உறைத்தது. படத்தைக் கொண்டுவந்து செண்பகத்தின் கையில் கொடுத்து, "நீங்களே கேளுங்கக்கா" என்றாள். செண்பகம் வாய் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து "அம்மா" என்று ஒரு குரல். "இதோ வந்துட்டேன்டி" என்று அஞ்சுகம் கிளம்பியேவிட்டாள். செண்பகம் அவள் முந்தானையை எட்டிப் பிடித்து, "நில்லுடி, அது கூப்பிட்டது என்னைத்தான்" என்றாள்.